நாய்க்குப் பிசியோதெரபி – ஒரு நிஜமான 'கடி' அனுபவம்

தலைப்பைப் பார்த்து மொக்கை ஜோக் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது பல் பதிஞ்ச கடி. வலது கை ஆள்காட்டி விரல்ல இன்னும் ரெண்டு சின்னப் புள்ளி இருக்கு. 0, 3, 7, 14, 28-ன்னு நாள் கணக்கு வெச்சு அஞ்சு ஊசியும் போட்டுக்கிட்டேன். கடிச்சவன் பேர் வாமனன். கூப்பிடறது வாமு. டாக்ஸ்ஹண்ட் ஜாதி. அதாங்க, ரயில் பெட்டி மாதிரி நீளமா, காலே இல்லாத மாதிரி குட்டையா இருக்குமே, அது. குள்ளமா இருக்கானேன்னு வாமனன்னு பேர் வெச்சது மாமா. மயிலாப்பூர்க்காரங்க நகைச்சுவை அப்படித்தான் :-)

என் வாழ்க்கையிலேயே ஒரு கடி வாங்கிட்டு சந்தோஷத்துல கண்ணு கலங்கினது அன்னிக்கு ஒரு நாள்தான். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

நான் மனுஷங்களுக்கான பிசியோதெரபிஸ்ட். பி.பி.டி. நாலு வருஷம், அப்புறம் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு இப்ப ஸ்கூட்டியில மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், அடையாறுன்னு வீடு வீடாப் போய்ப் பார்க்கறேன். பக்கவாதம், மூட்டு மாற்று ஆபரேஷன், தோள் இறுகிப் போனவங்க, இவங்கதான் பெரும்பாலும். மாமா அதுல ஒருத்தர். 74 வயசு. 2022 ஆரம்பத்துல ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. மந்தைவெளியில பழைய ஃப்ளாட், ரெண்டாவது மாடி, ஹால் நடுவுல பெரிய ஊஞ்சல். மாமியும் மாமாவும் மட்டும். பையன் வெளிநாடு. வாமு அந்தப் பையனோட இடத்தை நிரப்பறதுக்காக வந்தவன்னு மாமி சொல்லுவாங்க. நான் மாமாவோட கையை நீட்டி மடக்கும்போதெல்லாம் ஊஞ்சல்ல உக்காந்து என்னை முறைச்சுக்கிட்டே இருப்பான்.

ஜூலை மாசம் ஒரு திங்கட்கிழமை போறேன், மாமி கதவைத் திறக்கும்போதே அழுகை. "கொழந்தே, நேத்து ராத்திரி ஊஞ்சல்லேர்ந்து குதிச்சான். காலம்பற பாத்தா பின்னங்கால் ரெண்டையும் இழுத்துண்டு வரான். ஏந்துக்கவே மாட்டேங்கறான்."

பார்த்தேன். முன்னங்கால் ரெண்டும் நல்லா இருக்கு. பின்பக்கம் துணி மாதிரி கிடக்கு. மனுஷனா இருந்தா நான் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன், முதுகுத்தண்டுல பிரச்சினைன்னு. நாய்க்கும் அதேதான். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு வெட்டினரி டாக்டர்கிட்ட ஆட்டோவுல கொண்டு போனோம். அவர் சொன்னது சுருக்கமா இதுதான்: டாக்ஸ்ஹண்ட் மாதிரி குட்டைக்கால் ஜாதிகளுக்கு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் சின்ன வயசுலயே, ஒரு வயசு ஆகும்போதே, காய ஆரம்பிச்சுடும். ஜெல்லி மாதிரி இருக்க வேண்டியது சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆயிடும். மூணுலேர்ந்து ஏழு வயசுக்குள்ள ஒரு நாள், ஒரு குதி, ஒரு திருப்பம், டிஸ்க் வெடிச்சு தண்டுவடத்தை அழுத்தும். பெரும்பாலும் நெஞ்சுப் பகுதி முடிஞ்சு இடுப்புப் பகுதி ஆரம்பிக்கற இடத்துல. வாமுவுக்கு வயசு அஞ்சு.

அப்புறம் டாக்டர் ஒரு சோதனை பண்ணார். இடுக்கியால பின்னங்கால் விரலை அழுத்திப் பிடிச்சார். இடது கால்ல அழுத்தினப்ப வாமு மெதுவா தலையைத் திருப்பினான். வலது கால்ல அழுத்தினப்ப ஒண்ணுமே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தான். ஆழமான வலி உணர்வு இருக்கா இல்லையாங்கறதுதான் இதுல எல்லாத்தையும் தீர்மானிக்குதாம். அது இருந்து ஆபரேஷனும் பண்ணிட்டா பத்துக்கு ஒன்பது நாய் நடந்துடும். அது முழுசா போயிட்டா, ஆபரேஷன் பண்ணாலும் பாதிக்குப் பாதிதான்.

டாக்டர் ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் பண்றதுதான் நல்லதுன்னு சொன்னார். மாமி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு வேண்டாம்னுட்டாங்க. பணம் ஒரு காரணம். வீட்டுல ஏற்கனவே ஒரு நோயாளி, மாத்திரைக்கும் எனக்கும் போயிட்டு இருக்கு. இன்னொண்ணு பயம். அது சரியான முடிவா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அவங்க நிலைமையில நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியாது. மாத்திரை, கூண்டுல ஓய்வு, ஒரு வாரம் கழிச்சு கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினார்.

இப்பதான் நான் பண்ணின முட்டாள்தனம் வருது.

ஸ்ட்ரோக் நோயாளிங்க விஷயத்துல எங்களுக்கு மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்தது ஒண்ணுதான்: சீக்கிரம் அசைக்க ஆரம்பி. படுக்கையிலயே விட்டுடாதே. நான் என்ன பண்ணேன், நாலாவது நாளே, மாமாவுக்குப் பண்ணி முடிச்சுட்டு, வாமுவை கூண்டுலேர்ந்து எடுத்து, இடுப்பைத் தூக்கி நிக்க வெச்சேன். பின்னங்காலை சைக்கிள் மிதிக்கிற மாதிரி சுத்தினேன். மாமி கண்ணுல ஒரு நம்பிக்கை வேற. எனக்கு ஒரே பெருமை. ரெண்டு நாள் அப்படிப் பண்ணதுல மூணாவது நாள் தொட்டாலே கத்தறான். முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு, வயிறு கல்லு மாதிரி இறுகிப் போச்சு.

ஏழாவது நாள் டாக்டர் பார்த்துட்டு, "வீட்டுல என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டார். மாமி வெகுளியா என்னைக் கை காட்டினாங்க. நான் சொன்னேன், "நான் பிசியோதெரபிஸ்ட் டாக்டர்"னு. அவர் கத்தலை. கத்தியிருந்தா கூடப் பரவாயில்லை. அமைதியா சொன்னார். "மேடம், பக்கவாதம் மூளையில. இது டிஸ்க். வெளியில வந்தது பாதிதான், மீதி உள்ளே நிக்குது. மேல இருக்கற நார் காயம் ஆறணும், அதுக்கு நாலு வாரம் அசையக் கூடாது. நீங்க நிக்க வெச்சா மீதியும் வெளியில வரும். அப்புறம் நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

அதோட விடலை. "இன்னொண்ணு. சட்டப்படி நீங்க இதைத் தொடவே கூடாது. தெரியுமா?"

எனக்குத் தெரியாதுங்க. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், 1984. அதுல 30-வது பிரிவு. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேற யாரும் விலங்குகளுக்கு வைத்தியம் பண்ணக் கூடாது. டிப்ளமா படிச்ச உதவியாளர்கள் மாதிரி சிலருக்கு மட்டும், சின்னச் சின்ன சேவைகளுக்கு, டாக்டர் மேற்பார்வையில அரசு அனுமதி கொடுக்கலாம். அதுல பிசியோதெரபிஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை கிடையாது. எங்க பக்கம் 2021-ல வந்த சட்டத்துல (துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையம் அமைச்ச சட்டம்) பிசியோதெரபி இருக்கு, ஆனா அதெல்லாம் மனுஷங்களுக்கு. நடுவுல ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்துல வாமு படுத்திருக்கான்.

நாலு வாரம் காத்திருந்தோம். அந்த நாலு வாரத்துல உண்மையான வேலை பார்த்தது நான் இல்லை, மாமிதான். முதுகுத்தண்டு அடிபட்ட நாய்க்கு ஒண்ணுக்குப் போகத் தெரியாது. பை நிரம்பி நிரம்பி, கடைசியில வழியும். அது 'தானா போறது' இல்லை, நிரம்பி வழியறது. பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாம ஏமாந்துடுவாங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை வயித்தை ரெண்டு பக்கமும் உள்ளங்கையால மெதுவா அழுத்தி வெளியேத்தணும். டாக்டர் ஒரு தடவை காட்டினார். ரெண்டாவது நாளே மாமி என்னைவிட நல்லாப் பண்ணாங்க. "சப்பாத்தி மாவு பெசையற மாதிரி இல்லே, பழுத்த மாம்பழத்தை அமுக்கிப் பாக்கற மாதிரி"ன்னு எனக்கே கத்துக் கொடுத்தாங்க. நாலு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், புண்ணு வராம. மாமாவுக்கும் அதே மாதிரி பக்கம் மாத்திப் படுக்க வெச்ச அனுபவம் இருந்ததால அவங்களுக்கு அது புதுசா தெரியலை.

இந்த இடைவெளியில நான் உக்காந்து படிச்சேன். நாய் உடம்பை முதல்லேர்ந்து. வெட்கமா இருந்தது, எவ்வளவு தெரியாம கை வெச்சிருக்கேன்னு.

உதாரணத்துக்கு, நாய்க்குப் பின்னங்கால் முட்டி பின்பக்கமா மடங்குதுன்னு நாம நினைக்கறோமே, அது முட்டியே இல்லை. அது கணுக்கால். நாய் எப்பவும் குதிகாலைத் தூக்கிக்கிட்டு விரல்ல நடக்குது. நிஜ முட்டி மேலே, வயித்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கு, நம்மளை மாதிரியே முன்பக்கமாத்தான் இருக்கு. முன்னங்காலை உடம்போட சேர்க்க நம்மளை மாதிரி காறை எலும்பு கிடையாது, வெறும் தசையாலதான் தொங்குது. நிக்கும்போது உடம்பு எடையில நூத்துக்கு அறுபது பங்கு முன்னங்கால்ல, நாப்பது பங்கு பின்னங்கால்ல. பின்னங்கால் போன நாய் முன்னங்காலை வெச்சே சமாளிச்சுடறதும், அதனாலேயே தோள் வலி வந்து அவதிப்படறதும் இதனாலதான். நமக்கு நெஞ்சு முதுகெலும்பு 12, இடுப்பு 5. அதுங்களுக்கு 13, 7.

மாமாவுக்குப் போடற அல்ட்ராசவுண்ட் மெஷினை வாமுவுக்கு வைக்கலாமான்னு டாக்டரைக் கேட்டேன். முடியை மழிக்காம வெச்சா முடியே எல்லாத்தையும் தின்னுடும், உள்ளே ஒண்ணும் போகாதுன்னார். இன்னொரு விஷயம் சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மாமா தோள்ல தடவற வலி ஜெல் இருக்கே, அதுல டைக்ளோஃபினாக். அதே கையோட நாயைத் தொட்டா அது நக்கும். நாய்க்கு அது விஷம், குடல்லயும் சிறுநீரகத்துலயும் கை வைக்கும். ஞாபகம் இருக்கா, நம்ம ஊர் கழுகுங்க (பிணந்தின்னிக் கழுகு) கூட்டம் கூட்டமா செத்ததே, அதுவும் இதே மருந்தாலதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ன கழுகோட சிறுநீரகத்தை முடிச்சுடுச்சு. 2006-ல மாடுகளுக்குப் போடத் தடை வந்தது. பேப்பர்ல படிச்ச விஷயம், என் உள்ளங்கையிலயே இருந்திருக்கு. அன்னிலேர்ந்து வாமுவைத் தொடறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் சோப்பு.

அஞ்சாவது வாரம் டாக்டர் ஒரு தாளில எழுதிக் கொடுத்தார். என்ன பண்ணலாம், எத்தனை தடவை, எதைப் பண்ணக் கூடாது. மேலே என் பேர் எழுதி "என் மேற்பார்வையில்"னு கையெழுத்து. அந்தத் தாளை லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்.

ஆரம்பிச்ச ரெண்டாவது நாள், விரல் நடுவுல கிள்ளினா வலது கால் வெடுக்குன்னு மடங்கிச்சு. நான் கத்தின கத்துல மாமா படுக்கையிலேர்ந்து "என்னாச்சு என்னாச்சு"ங்கறார். டாக்டருக்கு உடனே போன் போட்டேன். "கால் மடங்கிச்சா, தலையைத் திருப்பினானா?" தலையைத் திருப்பலை. "அப்ப அது தண்டுவடம் தானா பண்ற வேலை மேடம். மூளைக்குச் சேதி போகலை. காலைப் பார்க்காதீங்க, மூஞ்சியைப் பாருங்க."

இதே விஷயத்தை நான் காலேஜ்ல படிச்சிருக்கேன். மனுஷங்ககிட்ட கேட்டா சொல்லிடுவாங்க, "தெரியுது", "தெரியலை"ன்னு. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு கேட்போம், "ஏழு"ம்பாங்க (மயிலாப்பூர் மாமிகள் "ஆறரை"ம்பாங்க). இந்தக் கேள்விதான் என் தொழில்ல பாதி. அது இல்லாம வேலை பார்க்கணும்னா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கணும். காது பின்னாடி போகுதா, உதட்டை நக்குதா, மூச்சு நிக்குதா. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல நாய்ங்க வலியை அளக்கவே ஒரு அட்டவணை போட்டு வெச்சிருக்காங்க, புண்ணு மேல கை வெச்சா என்ன பண்றது, நடக்கறது எப்படி, முனகுதான்னு கேள்வி கேள்வியா. அதை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

தினமும் மூணு வேளை. ஒவ்வொரு மூட்டையும் பத்து, பதினஞ்சு தடவை நீட்டி மடக்கறது. தொடைச் சுத்தளவை டெய்லர் டேப்பால அளந்து கேலண்டர் பின்னாடி எழுதறது. மாமாவோட பழைய எட்டு முழ வேட்டியை நாலா மடிச்சு வயித்துக்கு அடியில கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு நிக்க வைக்கறது. கடையில விக்கற பட்டையெல்லாம் விலை பார்த்தோம், வேட்டியே மெத்துன்னு நல்லா இருந்தது. தண்ணிக்குள்ள நடக்க வைக்கற மெஷின் எல்லாம் படத்துல பார்த்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள டிரெட்மில். நமக்கு பாத்ரூம்ல பிளாஸ்டிக் டப். அது நான் நினைச்சதைவிட நல்லா வேலை செஞ்சது. இடுப்பு வரைக்கும் தண்ணி இருந்தா நாய் தாங்க வேண்டிய எடை முப்பத்தெட்டு சதவீதம்தான். முட்டி வரைக்கும்னா எண்பத்தஞ்சு. கணுக்கால் அளவுன்னா பெருசா பிரயோஜனமே இல்லை, தொண்ணூத்தொண்ணு. அதனால டப்புல கோடு போட்டு வெச்சு, இடுப்பு அளவுக்குத்தான் வெதுவெதுப்பா ஊத்துவோம்.

இதுக்கு நடுவுல மாமா. என்கிட்ட வாரத்துக்கு மூணு நாள் முனகிக்கிட்டே எக்சர்சைஸ் பண்றவர், வாமுவுக்கு நாங்க பண்றதை நாற்காலியில உக்காந்து மேற்பார்வை பண்ண ஆரம்பிச்சார். ஏஜி ஆபீஸ்ல ஆடிட் பார்த்தவர் இல்லையா. "பதினாலுதான் ஆச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி"ம்பார். இடது கையால நோட்டுல டிக் அடிப்பார். நீங்க எதிர்பார்க்கற சினிமா சீன் எல்லாம் நடக்கலை, சொல்லிடறேன். நாயைப் பார்த்து உத்வேகம் வந்து அவர் எழுந்து நடந்துடலை. வலது கை இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. ஆனா நோட்டு எழுதினார். இடது கையெழுத்து நல்லா வந்துடுச்சு.

ஏழாவது வாரம். வியாழக்கிழமை. டப்புலேர்ந்து எடுத்துத் துடைச்சுட்டு வழக்கமா பண்ற மாதிரி வலது கால் விரலைக் கிள்ளினேன். கால் மடங்கிச்சு. நான் மூஞ்சியைப் பார்க்கறதுக்குள்ள மூஞ்சி என் கையில இருந்தது. லபக். ரத்தம். மாமி "ஐயோ"ன்னு அலறிண்டு மஞ்சப்பொடி எடுக்க ஓடறாங்க, நான் பாத்ரூம் தரையில உக்காந்து சிரிக்கறேன், கண்ணுல தண்ணி கொட்டுது. கடிச்சானே! வலிக்குதுன்னு தெரிஞ்சுதானே கடிச்சான்! (மஞ்சப்பொடி போடாதீங்க மக்களே. குழாய்த் தண்ணியில சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவணும், அப்புறம் ஊசி. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் டாக்டரைக் கேட்காம விடாதீங்க.)

வால் ஆட்டினது அதுக்கு ஒரு வாரம் கழிச்சு. எழுந்து நின்னது அக்டோபர். அப்புறம்தான் இன்னொரு எதிரி தெரிஞ்சுது: தரை. நம்ம ஃப்ளாட்ல எல்லாம் மொசைக்கை உடைச்சு எடுத்துட்டு கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டு வெச்சிருக்கோம் இல்லையா, பின்னங்கால்ல பலம் இல்லாத நாய்க்கு அது ஐஸ். நின்னா ரெண்டு பக்கமும் கால் விரிஞ்சு போயிடும். பாண்டி பஜார் போய் ரப்பர் அடி வெச்ச கால்மிதி பதினாறு வாங்கிட்டு வந்தேன். "கல்யாண மண்டபமா மேடம்?"னு கேட்டார் கடைக்காரர். ஹால்லேர்ந்து பால்கனி வரைக்கும் ஒரு பாதை. அது மேல ஒட்டடைக்குச்சி நாலு, துடைப்பக் கட்டை ரெண்டு, செங்கல் மேல வெச்சு, தாண்டித் தாண்டி நடக்க விட்டோம். காலைத் தூக்கி வைக்கணும்னு தண்டுவடத்துக்கு ஞாபகப்படுத்தற பயிற்சி. வெளிநாட்டுல இதுக்கு அழகான பேர்ல கம்பிகள் விக்கறாங்க. வேலை ஒண்ணுதான்.

முதல் தடவை வேட்டி இல்லாம அடி வெச்சப்ப மாமா எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, தொப். "மூணடி கேட்டான், வெச்சுட்டான்"னார். அவருக்கு ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு குழறும். அது மட்டும் தெளிவா வந்தது.

ஜனவரி 2023-ல பட்டினப்பாக்கம் கடற்கரை. காலை அஞ்சரைக்கு, மணல் சூடேறறதுக்கு முன்னாடி. மணல்ல கால் புதைஞ்சு புதைஞ்சு எடுக்கணும், தசைக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம். மீன்காரம்மா ஒருத்தங்க "இன்னா இது, குடிச்சிட்டு வர்றான் உன் நாயி"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க. வாமு இன்னிக்கும் அப்படித்தான் நடக்கறான், பின்பாதி ஒரு பக்கம், முன்பாதி ஒரு பக்கம். மாடிப்படி ஏற விடறதில்லை. ஊஞ்சல் சங்கிலியைத் தூக்கி மேலே மாட்டியாச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். பிரச்சினை அப்புறம்தான். அந்த அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் சொல்லி, அவர் இன்னொருத்தர்கிட்ட சொல்லி, எனக்கு போன் வர ஆரம்பிச்சுது. "நாய் பிசியோ மேடமா?" அடையாறுல இடுப்பு தேய்ஞ்ச லாப்ரடார், நாப்பத்தி ரெண்டு கிலோ, பாதி எடை பிரிட்டானியா பிஸ்கட் தின்னு வந்தது. தி.நகர்ல பக். 2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பக் பையன் பின்னாடியே ஓடிச்சே, அதுக்கப்புறம் ஊரெல்லாம் பக். அந்த ஜாதிக்கு முதுகெலும்பே கோணலா உருவாகறது சகஜம்னு வாங்கறவங்களுக்கு யாரும் சொல்றதில்லை. ஒருத்தர் பூனைக்குக் கூப்பிட்டார். பூனைக்கு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுக்க நான் யாரு.

நான் யாரு? இதுதான் கேள்வி. இங்கிலாந்துல இதுக்கு ஒரு வழி இருக்கு. மவுண்ட்பேட்டன் பிரபுவோட போலோ குதிரைகளுக்கு, அரச குடும்பத்துக்கு சிகிச்சை பார்த்துக்கிட்டு இருந்த சார்லஸ் ஸ்ட்ராங்னு ஒரு பிசியோதெரபிஸ்ட் மின்சிகிச்சை கொடுக்க ஆரம்பிச்சார், அதுலேர்ந்து வளர்ந்தது. 1985-ல விலங்குகளுக்குப் பார்க்கற பிசியோதெரபிஸ்ட்டுங்க தனிச் சங்கமே வெச்சுட்டாங்க. முதல்ல மனுஷங்களுக்குப் படி, அப்புறம் மேல்படிப்பா விலங்குகளுக்குப் படி. ஆனா அங்கேயும் வெட்டினரி டாக்டர் சொல்லாம தொட முடியாது. அமெரிக்காவுல 2010-ல இதை வெட்டினரி டாக்டர்களுக்கான தனிச் சிறப்புத் துறையா அங்கீகரிச்சாங்க. டென்னசி பல்கலைக்கழகத்தோட சான்றிதழ் படிப்புல மனுஷ பிசியோதெரபிஸ்ட்டுங்களையும் சேர்த்துக்கறாங்க. பாதி இணையத்துல, மீதி நேர்ல போய் நாயைத் தொட்டுப் படிக்கணும். கட்டணம் டாலர்ல. விசா, டிக்கெட் எல்லாம் கூட்டிப் பார்த்துட்டு, லேப்டாப்பை மூடிட்டு, ஒரு காபி போட்டுக் குடிச்சேன்.

இங்கே ஒரே நேர்வழி வேப்பேரி. 1903-லேர்ந்து இருக்கற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989-லேர்ந்து தனிப் பல்கலைக்கழகமே ஆயிடுச்சு, நாட்டுலயே முதல் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம். பி.வி.எஸ்சி. அஞ்சரை வருஷம். எனக்கு வயசு முப்பத்தொன்பது. ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைத் தூக்கிட்டு என் பொண்ணு வயசுப் பசங்களோட கவுன்சலிங்ல நின்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். என் பொண்ணுகிட்டயே சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்"னா.

என் வீட்டுக்காரர் ரொம்ப சுலபமா ஒரு வழி சொன்னார். "மசாஜ்னு போட்டுக்கோ. மசாஜுக்கு யார் சட்டம் கேட்கப் போறா?" கேட்க மாட்டாங்கதான். நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. நாலே நாலு வீடியோ பார்த்துட்டு 'பெட் ரிஹாப்'னு கார்டு அடிச்சவங்களையும் எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அந்த நாலாவது நாள் ஞாபகம் வருது. நாலரை வருஷம் படிச்சு, பதினஞ்சு வருஷம் அனுபவம் இருக்கற என் கைதான் வாமுவை இன்னும் மோசமாக்கிச்சு. தெரியாதவன் பண்ணின தப்பு இல்லை அது, தெரியும்னு நினைச்சவ பண்ணின தப்பு. எங்க தாத்தா ஊர்ல நொண்டற மாட்டுக்குக் கம்பியைக் காய்ச்சி சூடு வெப்பாங்க. அவங்களும் தெரியும்னு நினைச்சுத்தான் வெச்சாங்க.

அதனால இப்போதைக்கு என் ஏற்பாடு இது. தனியா யாருக்கும் பார்க்கறதில்லை. எந்த டாக்டர் பார்க்கறாரோ அவர் எழுதிக் கொடுத்தா, அதுல இருக்கறதை மட்டும், வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். பெரும்பாலும் என் வேலை தரையைப் பார்க்கறது, எடையைக் குறைக்கச் சொல்றது, சோபாவுக்கு முன்னாடி ஒரு படி போடச் சொல்றது. நடுவுல சில ஞாயித்துக்கிழமை அடையாறு தியசாஃபிக்கல் சொசைட்டி இடத்துல இருக்கற பெசன்ட் விலங்குகள் மருந்தகத்துப் பக்கம் போவேன். வண்டியில அடிபட்ட தெரு நாய்ங்க அங்கே இருக்கும். கிண்டியில ப்ளூ கிராஸ் பக்கமும் ஒரு தடவை போனேன். 1959-ல கேப்டன் சுந்தரம் ஆரம்பிச்சு, இப்ப பெரிசா நிக்குது. தெரு நாய்க்கு மூணு வேளை பதினஞ்சு தடவை காலை நீட்டி மடக்க மாமி மாதிரி ஆள் எங்கேயிருந்து வரும்? அங்கே முதல் கேள்வியே அதுதான். இடம் வேணும், ஆள் வேணும், ஒரு நாய்க்கு நாலு மாசம் வேணும். அந்த நாலு மாசத்துல இன்னும் நாப்பது நாய் அடிபட்டு வந்திருக்கும். எனக்கு அதுக்குப் பதில் தெரியலை. துண்டு மடிச்சுத் தூக்கிப் பிடிக்கறது எப்படின்னு அங்கே வர தன்னார்வலர் பசங்க ரெண்டு பேருக்குக் காட்டிட்டு வந்தேன்.

டாலர் படிப்புக்கு ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டிருக்கேன். வீட்டுக்காரருக்கு அது என்னத்துக்குன்னு தெரியாது. இதைப் படிச்சா தெரிஞ்சுடும் :-)

நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பெசன்ட் நகர். எட்டு வயசு லாப்ரடார், ஆபரேஷன் ஆன முட்டி. டைல்ஸைப் பார்த்தாலே நடுங்கி வாசல்லயே உக்காந்துடுதாம். டாக்டர் சீட்டை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லியிருக்கேன், இன்னும் வரலை. வந்ததும் பாண்டி பஜார் போகணும். அந்தக் கடைக்காரர் இந்தத் தடவை எந்த மண்டபம்னு கேட்பாரோ.